வால்வை மூடியே வைப்போம்

பழைய கேம்பர் வேன் வாங்கியவர்கள் முதல் வாரத்தில் எஞ்சினைப் பற்றியும் டயரைப் பற்றியும் கேட்பார்கள். மூன்றாவது வாரம் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு வேறொன்று கேட்பார்கள்: "அந்த டேங்க்கை எப்படிக் காலி பண்றது? கூட ஆள் இல்லாம முடியுமா?" முடியும். அரை மணி நேர வேலைதான். அருவருப்பெல்லாம் முதல் இரண்டு தடவையோடு போய்விடும். ஆனால் அந்தத் தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமல் செய்தால் ஆறாவது மாதத்தில் ஒரு நாள் வண்டியே நாறும். அதனால் டீ ஊற்றிக்கொண்டு உட்காருங்கள். முதலில் உள்ளே நடப்பதைப் பார்ப்போம், வேலைக்கு அப்புறம் வருவோம்.

கேம்பர் வேன் என்றால் படுக்கை, அடுப்பு, சின்னக் கழிவறை எல்லாவற்றையும் உள்ளே வைத்துக் கட்டிய வேன். அமெரிக்காவிலும் கனடாவிலும் 1990களில் டாட்ஜ் வேன்களை வாங்கி இப்படிக் கட்டினார்கள். அவற்றில் பல இன்னும் ஓடுகின்றன. தனியாகப் பயணம் போகிறவர்கள் இந்தப் பழைய வண்டிகளை விரும்புவதற்குக் காரணம் உண்டு. கடை வாசலில் மற்ற கார்களோடு நிறுத்தலாம், ஓட்டுவதற்குத் தனிப் பழக்கம் வேண்டாம், விலையும் கைக்கு அடங்கும்.

வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தால் பிளாஸ்டிக் தொட்டிகள் தெரியும். நல்ல தண்ணீர்த் தொட்டியை விட்டுவிடுவோம். அது சில வண்டிகளில் உள்ளேயே இருக்கும். பாத்திரம் கழுவிய தண்ணீரும் குளித்த தண்ணீரும் போய்ச் சேர்வது ஒரு தொட்டி, அதை ‘கிரே டேங்க்’ என்பார்கள். கழிவறைக்கு நேர் கீழே இருப்பது ‘பிளாக் டேங்க்’. நாம் சாம்பல் தொட்டி, கறுப்புத் தொட்டி என்று வைத்துக்கொள்வோம். இந்த அளவு வேனில் கறுப்புத் தொட்டி பெரும்பாலும் 10 கேலன் பக்கம் இருக்கும். 38 லிட்டர், அதாவது வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டுக்குக் கொஞ்சம் குறைவு. நினைத்ததைவிடச் சின்னதாக இருக்கிறது, இல்லையா? ஐரோப்பிய வண்டிகளில் இதையும் சுருக்கி, சூட்கேஸ் மாதிரி உருவி எடுத்துப்போகிற பெட்டியாகவே செய்துவிட்டார்கள். வட அமெரிக்காவின் பழைய வண்டிகளில் தொட்டி வண்டியோடு கட்டப்பட்டது. தொட்டி நம்மோடு வராது, நாம்தான் வண்டியை ஓட்டிக்கொண்டு கழிவைக் கொட்டும் குழி இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும்.

கறுப்புத் தொட்டியிலிருந்து 3 அங்குலக் குழாய் ஒன்று வெளியே வருகிறது. சாம்பல் தொட்டியின் குழாய் பெரும்பாலும் அதில் பாதி, ஒன்றரை அங்குலம். இரண்டும் சேர்ந்து ஒரே வாயில் முடிகின்றன. அந்த வாய்க்கு ஒரு மூடி. ஒவ்வொரு குழாயின் நடுவிலும் ஒரு வால்வு. வீட்டுக் குழாயைத் திருகுகிற மாதிரி வால்வு இல்லை இது. ஏரி மதகில் பலகையை மேலே தூக்கினால் தண்ணீர் போகுமே, அந்த வேலைப்பாடு. ஒரு தகடு, இரு பக்கமும் அதை இறுக்கிப் பிடித்த ரப்பர் வளையங்கள், இழுப்பதற்கு ஒரு கைப்பிடி. இழுத்தால் திறக்கும், தள்ளினால் மூடும். இதில் மோட்டாரும் இல்லை, உறிஞ்சுகிற பம்பும் இல்லை. சில வேன்களில் கழிவை அரைத்துத் தள்ளும் பம்பு உண்டு. அது இல்லாத வண்டியில் தொட்டி காலியாவது முழுக்க முழுக்கத் தண்ணீரின் பாரத்தால்தான். இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்தால் மற்றது எல்லாம் தானாகப் புரியும்.

இப்போது எல்லாரும் தடுக்கி விழுகிற இடத்துக்கு வருகிறோம். நம் ஊரில் வளர்ந்தவர்களுக்கு ‘கழிவுத் தொட்டி’ என்றதும் கண்ணில் வருவது வீட்டுக் கொல்லையில் இருக்கும் செப்டிக் டேங்க். அதன் வேலை என்ன? கெட்டியானது அடியில் படியும், தெளிந்த தண்ணீர் மேலாக வழிந்து அடுத்த அறைக்கோ உறிஞ்சு குழிக்கோ போகும். சேறு வருஷக்கணக்கில் அங்கேயே கிடக்கும். பிறகு லாரியைக் கூப்பிட்டு உறிஞ்சச் சொல்வோம். படிய வைப்பதுதான் செப்டிக் டேங்க்கின் தொழில். கேம்பர் தொட்டிக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர். அதில் எதுவும் படியவே கூடாது. படிந்தால் உறிஞ்சிக்கொண்டு போக லாரி வராது, ஒரு குழாயும் ஒரு தகடும்தான் இருக்கின்றன. வண்டி வைத்திருப்பவர்கள் செய்யும் தவறுகளில் முக்கால்வாசி, இந்தத் தொட்டியைத் தங்களுக்கே தெரியாமல் செப்டிக் டேங்க்காக மாற்றிவிடுவதுதான்.

எப்படி மாற்றுகிறோம் என்று பார்ப்போம். வண்டிகள் தங்கும் பூங்கா ஒன்றுக்கு வந்து நிறுத்துகிறோம். நம் இடத்துக்குப் பக்கத்திலேயே சாக்கடைக் குழாய் இருக்கிறது. கழிவு ஹோஸை மாட்டியாகிவிட்டது. "இரண்டு வாரம் இங்கேதானே இருக்கப்போகிறோம், வால்வைத் திறந்தே விட்டால் அது பாட்டுக்குப் போகட்டுமே" என்று தோன்றும். நியாயமாகத்தான் தெரிகிறது, வீட்டில் அப்படித்தானே நடக்கிறது. ஆனால் தொட்டியின் அடி குழாய் மாதிரி குறுகலாகச் சரிந்தது இல்லை. தட்டையாக, அகலமாக, சாப்பாட்டுத் தட்டு மாதிரி இருக்கிறது. திறந்திருக்கும் வால்வு வழியாகத் தண்ணீர் உடனே ஓடிவிடும். கெட்டியானதும் காகிதமும் கழிவறைக்கு நேர் கீழே விழுந்த இடத்திலேயே நிற்கும். அடுத்த நாள் அதன் மேல் இன்னொன்று. நாளாக ஆகக் குவியல் காய்ந்து, கூம்பாக எழும்பி, கழிவறை வாயையே வந்து தொடும். அமெரிக்க வண்டிக்காரர்கள் இதைப் பிரமிடு என்றே சொல்கிறார்கள். சாம்பார் வைத்த பாத்திரத்தைத் தண்ணீர் ஊற்றாமல் இரண்டு நாள் போட்டுவைத்தால் அடியில் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். இங்கே அந்தப் பாத்திரத்துக்குள் கையை விட முடியாது.

ஆகவே பக்கத்திலேயே சாக்கடை இருந்தாலும் கறுப்பு வால்வு மூடியே இருக்கட்டும். தொட்டி மூன்றில் இரண்டு பங்காவது நிறைந்த பிறகு ஒரே மூச்சில் திறப்போம். மதகை ஒரு விரற்கடை திறந்தால் தெளிந்த தண்ணீர் கசியும், வண்டல் கிடந்த இடத்தில் கிடக்கும். பலகையை முழுதாகத் தூக்கினால் வண்டலையும் புரட்டி இழுத்துக்கொண்டு வெள்ளம் போகும். 30 லிட்டரை மொத்தமாக விட்டால் அந்த 3 அங்குலக் குழாயில் ஒரு நிமிடத்துக்குள் போய்விடும். போகும்போது காகிதத்தையும் மற்றதையும் தன்னோடு அள்ளிக்கொண்டு போகும். அந்த ஒரு நிமிட வேகத்துக்காகத்தான் நாலைந்து நாள் தண்ணீரைச் சேர்த்து வைக்கிறோம்.

அதே தவறுக்கு இன்னொரு முகம் உண்டு. தனியாகப் போகிறவர்கள் இதில்தான் அதிகம் மாட்டுகிறார்கள். சிக்கனம். அமெரிக்காவில் இப்போது கட்டும் வீடுகளில் கழிவறையை ஒருமுறை அழுத்தினால் 6 லிட்டர் அளவில் தண்ணீர் இறங்கும். வேனில் கழிவறையின் கால் மிதியை மிதித்தால் அரை லிட்டர் வந்தாலே பெரிய விஷயம். அதையும் குறைத்தால் தொட்டி மெதுவாக நிறையும், காலி பண்ணும் வேலையைத் தள்ளிப்போடலாம் என்று ஒரு சொட்டுக் காட்டி முடித்துவிடுகிறோம். வால்வைத் திறந்துவிட்டால் என்ன நடக்குமோ அதுதான் இதிலும் நடக்கிறது. கழிவைத் தூக்கிக்கொண்டு போகத் தண்ணீர் இல்லை.

அரிஸோனாவின் பாலைவனத்தில் குவார்ட்ஸைட் என்று ஒரு சிற்றூர். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து ஆயிரக்கணக்கான வண்டிகள் அங்கே வந்து இறங்கும். ஊருக்குத் தெற்கே லா போசா என்ற அரசு நிலத்தில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு தங்கலாம். தண்ணீர் பிடிக்கவும் தொட்டியைக் காலி செய்யவும் அங்கே வசதி இருக்கிறது. ஆனால் தங்கும் இடத்தில் குழாய் கிடையாது. நல்ல தண்ணீர் தீர்ந்தால் வண்டியைக் கிளப்பிக்கொண்டுதான் போக வேண்டும். அதனால் எல்லார் கையும் இறுகிவிடும். பாலைவனக் காற்று வேறு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இப்படிப்பட்ட இடத்தில் நாம் செய்ய வேண்டியது, மற்ற எதில் வேண்டுமானாலும் தண்ணீரை மிச்சப்படுத்திவிட்டுக் கறுப்புத் தொட்டிக்குத் தாராளமாகக் கொடுப்பது. நல்ல தண்ணீர்தான் வேண்டும் என்பதில்லை. காய்கறி கழுவிய தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து வைத்துக் கழிவறையில் ஊற்றினால் போதும். அந்த வாளிக்கு அவசியமே இல்லை என்றுதான் முதலில் தோன்றும். பிறகு வால்வைத் திறக்கும்போது அதன் அருமை தெரியும்.

காலி செய்து முடித்த உடனேயே நாலைந்து லிட்டர் தண்ணீரைக் கழிவறை வழியாக ஊற்றிவிட வேண்டும். தோசைக்கல்லில் மாவு ஊற்றும் முன் எண்ணெய் தடவுவது போலத்தான். தொட்டியின் அடி முழுக்க நனைந்து ஒரு விரல் உயரம் தண்ணீர் நின்றால் விழுவது ஒட்டாது. வறண்ட தொட்டியோடு புதிய பயணத்தைத் தொடங்கக் கூடாது.

காகிதத்துக்கு வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். மூடி போட்ட கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் விட்டு நான்கு தாளைப் போட்டுக் குலுக்கிப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் பஞ்சு பஞ்சாகக் கரைந்தால் அது தொட்டிக்கு ஆகும். துணி மாதிரி முழுசாக நின்றால் ஆகாது. ஈரத் துடைப்பான்களின் உறையில் ‘கழிவறையில் போடலாம்’ என்று அச்சிட்டிருந்தாலும் போடாதீர்கள். அவை கரைவதில்லை, வால்வுத் தகட்டில் போய்ச் சுற்றிக்கொள்ளும்.

இனி வெளியே இறங்குவோம். தொட்டியைக் காலி செய்யும் இடத்துக்கு ‘டம்ப் ஸ்டேஷன்’ என்று பெயர். மாநிலப் பூங்காக்களில், நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில், சில மாநிலங்களில் சாலையோர ஓய்விடங்களிலும் இருக்கும். சில இலவசம், பலவற்றில் கட்டணம். பெயர்தான் பெரிது. போய்ப் பார்த்தால் குழியை நோக்கிக் கொஞ்சம் சரிந்த சிமெண்டுத் தளம், நடுவில் மூடி போட்ட 4 அங்குலக் குழாய்வாய், பக்கத்தில் கழுவுவதற்கு ஒரு தண்ணீர்க் குழாய், அவ்வளவுதான். அந்தக் குழாயில் ‘குடிக்க உதவாது’ என்று பலகை மாட்டியிருப்பார்கள். அந்தப் பலகையை உயிரைக் காக்கும் எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். முந்தி வந்தவர்கள் அந்தக் குழாயைத் தங்கள் அழுக்கு ஹோஸுக்குள் நுழைத்துக் கழுவியிருப்பார்கள். குடிதண்ணீர் பிடிக்கும் வெள்ளை ஹோஸ் அந்தப் பக்கமே வரக்கூடாது. வண்டியில் அது ஒரு மூலை, கழிவு ஹோஸும் கையுறையும் எதிர் மூலை.

இருவர் இருந்தால் ஒருவர் வால்வை இழுக்க, மற்றவர் ஹோஸின் நுனியைக் குழியில் அழுத்திப் பிடித்துக்கொள்வார். தனி ஆளுக்கு இல்லாதது அந்த இரண்டாவது கைதான். வால்வைத் திறந்ததும் வெள்ளம் பாயும் வேகத்தில் ஹோஸ் துள்ளும். பிடிக்க ஆள் இல்லாவிட்டால் நுனி குழியை விட்டு வெளியே வந்துவிடும். ஆகவே நமக்குப் பதிலாக ஒன்று பிடித்துக்கொள்ள வேண்டும். குழிவாயில் திருகி உட்காரும், முழங்கை போல வளைந்த குழாய்த் துண்டு ஒன்று கடையில் கிடைக்கிறது. திருகு பொருந்தாத குழிகளும் இருப்பதால் ஒரு செங்கல்லை வண்டியிலேயே வைத்திருப்பது நல்லது. ஹோஸ் நுனியைக் குழிக்குள் ஒரு சாண் இறக்கி, மேலே செங்கல்லை வையுங்கள். அது ஒரு போதும் கையை எடுக்காது.

வரிசையைச் சொல்கிறேன், மெதுவாக மனதில் ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் கழிவு வாய் ஓட்டுநர் பக்கம், அங்கே அது இடது பக்கம். அந்தப் பக்கம் குழிக்கு அருகில் வரும்படி நிறுத்துகிறோம். கையுறை போட்டுக்கொள்கிறோம். முதலில் ஹோஸின் தரை நுனியைக் குழியில் பொருத்தி எடை வைத்துவிடுகிறோம், வண்டி நுனி அதற்கு அப்புறம்தான். வண்டியின் வாய்க்குக் கீழே ஒரு பழைய வாளியை வைத்து, ஒதுங்கி நின்று மூடியைத் திருகிக் கழற்றுகிறோம். நேர் எதிரே நிற்காதீர்கள். பழைய வால்வு கொஞ்சம் கசிந்திருந்தால் மூடிக்குப் பின்னால் ஒரு குழாய் நிறையத் தண்ணீர் காத்துக்கொண்டிருக்கும். ஹோஸை வாயில் வைத்துத் திருப்பினால் இரண்டு கொக்கிகள் வாயின் சிறு முளைகளைப் பிடித்துக்கொள்ளும். பழைய வண்டியில் அந்த முளைகள் உடைந்திருக்கலாம். அதனால் ஒருமுறை இழுத்துப் பார்த்து உறுதி செய்துகொண்டு அடுத்ததற்குப் போவோம்.

இப்போது கறுப்பு வால்வு. தயங்கித் தயங்கி இழுக்காமல் ஒரே இழுப்பில் முழுதாகத் திறக்கிறோம். ஹோஸின் வண்டி நுனியில் கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் முழங்கை ஒன்று மாட்டியிருந்தால் உள்ளே ஓடுவது தெரியும். பார்க்க அழகான காட்சி இல்லை, ஆனால் வேறு எந்தக் கருவியும் சொல்லாததை அது சொல்லும். முதலில் வேகமாக வரும், பிறகு மெலியும், நிற்கும். நின்றதும் வால்வை மூடிவிட்டு உள்ளே போய்க் கழிவறையில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு மறுபடி வெளியே வந்து திறக்கிறோம். முழங்கையில் ஓரளவு தெளிவாக வரும்வரை இப்படி. தனி ஆளுக்கு ஏறி இறங்கும் நடை அதிகம்தான். அவசரப்பட்டு இந்தச் சுற்றை விட்டவர்களின் தொட்டிகளைத்தான் பிறகு பெரிய செலவில் சரி செய்கிறார்கள்.

பின்னால் வண்டிகள் வரிசையில் நின்றால் பதற்றம் வரும். வரட்டும். அவர்களும் இதே வேலைக்குத்தான் வந்திருக்கிறார்கள்.

கறுப்பு முடிந்து மூடிய பிறகுதான் சாம்பல் தொட்டி. சோப்புத் தண்ணீர் அதே ஹோஸ் வழியாகப் போகும்போது ஹோஸைக் கழுவிவிடுகிறது. அதற்காகவே சாம்பல் தொட்டியை முந்தின நாளே காலி செய்துவிடாமல் வைத்திருக்கிறோம். "வெறும் பாத்திரத் தண்ணீர்தானே" என்று அதை மண்ணில் திறந்துவிடுகிற வழக்கமும் சிலரிடம் இருக்கிறது. பல இடங்களில் சட்டம் அனுமதிப்பதில்லை. எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் கலந்த அந்தத் தண்ணீர் இரண்டு நாளில் கறுப்புத் தொட்டியைவிட மோசமாக நாறும் என்பது அனுபவத்தில் தெரியும். பாத்திரத்தைத் துடைத்துவிட்டுக் கழுவினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

இரண்டு வால்வும் மூடியதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு, ஹோஸை வண்டி நுனியில் கழற்றி உயர்த்திக் குழியை நோக்கி நடந்தால் மிச்சம் வடியும். கழுவி, தளத்தையும் நீரடித்து, மூடியைத் திருகுகிறோம். கையுறையை உள்பக்கம் வெளியே வரும்படி உருவி எறிந்துவிட்டு சோப்புப் போட்டுக் கை கழுவுகிறோம். தனி ஆளுக்கு ஆபத்தான நேரம் இதுதான், வேலை முடிந்த நிம்மதி. "மூடி போட்டியா?" என்று கேட்க யாரும் இல்லை. நான் வேலை தொடங்கும்போதே ஸ்டியரிங்கில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுவேன். வெளியே போய் வால்வு, மூடி, தரை மூன்றையும் கண்ணால் பார்த்த பிறகே அவிழ்ப்பேன். தொட்டிக்குள் நேரடியாக நீரடிக்கும் குழாய் இணைப்பு உள்ள வண்டிகளில் இன்னும் கவனம் வேண்டும். வால்வு மூடியிருக்கும்போது அந்தத் தண்ணீரைத் திறந்துவிட்டு வேறு வேலையில் மறந்துபோனால் தொட்டி நிறைந்து கழிவறை வழியாக வண்டிக்குள் வரும். பக்கத்தை விட்டு நகரக் கூடாது, போனில் அலாரமும் வைத்துக்கொள்ள வேண்டும்.

தொட்டி எவ்வளவு நிறைந்தது என்று காட்டும் விளக்குகள் வண்டிக்குள் இருக்குமே, அவற்றை நம்பலாமா? பழைய வண்டியில் நம்பக் கூடாது. தொட்டியின் பக்கவாட்டில் வெவ்வேறு உயரத்தில் சில உலோக முளைகள் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் ஒரு முளையைத் தொட்டால் மின்சாரம் கடந்து அதற்கான விளக்கு எரியும். ஈரக் காகிதம் ஒன்று முளையில் ஒட்டிக்கொண்டாலும் அதே விளக்கு எரியும். காலித் தொட்டி ‘நிறைந்தது’ என்று சொல்லும். தனியாக இருக்கும்போது நமக்கு எத்தனை நாளில் தொட்டி நிறைகிறது என்பதை இரண்டு மூன்று தடவை குறித்து வைத்தால் விளக்கைவிட அது சரியாக இருக்கும். மிதியை மிதித்துக் கிண்ணத்தின் அடியைத் திறந்து கைவிளக்கை அடித்தால் தண்ணீர் மட்டமும் கண்ணுக்கே தெரியும்.

நாற்றத்துக்கு வருவோம். நாற்றம் வந்தால் கடைக்குப் போய் இன்னும் வலுவான மருந்து வாங்குவது வழக்கம். அதற்கு முன் காற்று எந்த வழியாக வருகிறது என்று பார்க்க வேண்டும். ஊரில் செப்டிக் டேங்க் மேல் உயரமாக ஒரு ஏர் பைப் நிற்கும், நுனியில் கொசுவலை கட்டியிருப்போம். வேனிலும் அதே மாதிரி தொட்டியின் மேலிருந்து கூரை வரை ஒரு காற்றுக் குழாய் போகிறது. குளவி கூடு கட்டியோ இலை விழுந்தோ அது அடைத்தால் வாயுவுக்குக் கழிவறைதான் வழி. பழைய வண்டிகளில் அந்தக் குழாய் ஒட்டு விட்டுக் கீழே இறங்கி, நுனி தொட்டித் தண்ணீருக்குள் மூழ்கியும் கிடக்கும். அப்போதும் அதே கதை. ஏணி வைத்துக் கூரை மூடியைக் கழற்றிப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

கூரை விசிறி ஓடும்போது மிதியை மிதித்தால் ஏன் குப்பென்று அடிக்கிறது? விசிறி உள்ளே இருக்கும் காற்றை வெளியே தள்ளுகிறது. அந்த இடத்தை நிரப்ப ஏதாவது ஒரு வழியாகக் காற்று உள்ளே வந்தாக வேண்டும். திறந்த வழி கழிவறை என்றால் தொட்டிக் காற்றுதான் வரும். விசிறியை நிறுத்திவிட்டு மிதிப்பது போதும். கழிவறைக் கிண்ணத்தின் அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கிறதா என்றும் பாருங்கள். அந்தத் தண்ணீர்தான் காவல். ராத்திரி நின்ற தண்ணீர் காலையில் இல்லை என்றால் கிண்ணத்து ரப்பர் தேய்ந்திருக்கிறது. துடைத்துச் சிலிகோன் கிரீஸ் தடவினால் பல தடவை சரியாகிவிடும். வாஸ்லைன் போன்ற பெட்ரோலியப் பொருள் ரப்பரை ஊத வைத்துக் கெடுக்கும், அது வேண்டாம். சிங்க்குக்கு அடியில் இருக்கும் வளைந்த குழாயும் இப்படித்தான். ஊரில் குளியலறைத் தரையில் பிளம்பர் பதிக்கும் நானி ட்ராப் செய்கிற வேலையை அது செய்கிறது. வளைவில் நிற்கும் தண்ணீர் வாயுவைத் தடுக்கிறது. வண்டி ஒரு மாதம் சும்மா நின்றால் அது காய்ந்துவிடும். ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினால் நாற்றம் நிற்கும்.

மருந்தே வேண்டாமா என்றால், வெயில் காலத்தில் நொதியும் நல்ல கிருமிகளும் கலந்தது கொஞ்சம் உதவும். ஃபார்மால்டிஹைடு கலந்தவற்றைத் தொடாதீர்கள். பிணவறையில் பிணம் கெடாமல் இருக்கப் பயன்படுத்தும் அதே சரக்கு. தொட்டியில் கழிவைச் சிதைக்கும் கிருமிகளையும் கொல்லும், பூங்காவின் செப்டிக் டேங்க்குக்குப் போய் அங்கிருக்கும் கிருமிகளையும் கொல்லும். கலிஃபோர்னியாவில் அதற்குத் தடையே இருக்கிறது. ஐஸ் கட்டிகளைப் போட்டு ஓட்டினால் தொட்டி தேய்ந்து சுத்தமாகும் என்றும் ஒரு பேச்சு உண்டு. ஐஸ் மிதக்கும், அழுக்கோ அடியில் இருக்கிறது. கெடுதல் இல்லை, நம்பியிருக்கவும் வேண்டாம்.

ஏற்கெனவே அடைத்துக்கொண்ட வண்டியை வாங்கிவிட்டோம் என்றால்? கம்பியால் குத்தாதீர்கள், பழைய பிளாஸ்டிக் தாங்காது. சாக்கடை அடைப்புக்கு ஊற்றும் எரிகாரமும் வேண்டாம், ரப்பரைத் தின்றுவிடும். வால்வை மூடிக்கொண்டு, கழிவறை வழியாகத் தண்ணீர் ஊற்றித் தொட்டியைக் கிட்டத்தட்ட நிரப்புங்கள். ஓரிரு நாள் ஊறட்டும். பிறகு வளைவான சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள், தொட்டி தயிர்ப்பானை மாதிரி கடையும். நேராக டம்ப் ஸ்டேஷன். முதல் தடவை ஏமாற்றமாக இருக்கலாம். மூன்று நான்கு தடவையில் பெரும்பாலும் இளகிவிடும்.

வால்வு கனமாக இழுபட்டாலோ கசிந்தாலோ தகடு நுழையும் பள்ளத்தில் காகிதம் சிக்கியிருக்கும், அல்லது ரப்பர் தேய்ந்திருக்கும். வால்வை நான்கு போல்ட்டுகள்தான் பிடித்திருக்கின்றன. தொட்டியைக் காலி செய்து நன்றாக அலசிவிட்டு, வெயில் நாளில் பொறுமையாகச் செய்தால் தனியாளே மாற்றிவிடலாம். துருப்பிடித்த போல்ட்டுக்கு முந்தின நாளே எண்ணெய் விட்டு வையுங்கள். அதுவரை தள்ள வேண்டும் என்றால் வெளிவாயில் திருகி மாட்டும் இரண்டாவது வால்வு ஒன்று கிடைக்கும், அது கசிவைத் தாங்கிக்கொள்ளும். வால்வைப் பார்க்கப் படுக்கும்போதே தொட்டியைத் தாங்கும் இரும்புப் பட்டைகளையும் தட்டிப் பாருங்கள். நிறைந்த தொட்டி 38 கிலோவுக்கு மேல் கனக்கும், பட்டை அரித்திருந்தால் சாலைப் பள்ளத்தில் ஏறி இறங்கும்போது தெரிந்துவிடும். தொட்டியிலேயே விரிசல் என்றால் பிளாஸ்டிக் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஏபிஎஸ் என்றால் அதற்கான பசை பிடிக்கும். பாலிஎதிலீனில் சாதாரணப் பசை நிற்காது, உருக்கி ஒட்டுகிறவரிடம் போவதே நல்லது.

குளிர்காலம் வடக்கு மாநிலங்களில் சீக்கிரம் வரும். தேங்கிய தண்ணீர் உறைந்தால் விரிந்து குழாயையும் வால்வையும் பிளந்துவிடும். வண்டியை நிறுத்தும் முன் இரண்டு தொட்டியையும் காலி செய்து அலசிவிட்டு, சிங்க்கின் வளைகுழாயில் ஒரு டம்ளர், கழிவறையில் இரண்டு டம்ளர், இளஞ்சிவப்பு நிற உறைதடுப்பு நீரை ஊற்றுகிறோம். கேம்பர் வண்டிகளின் தண்ணீர்க் குழாய்களுக்கென்றே விற்கும் புரொபிலீன் கிளைக்கால் அது. எஞ்சினுக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் கொடிய விஷம், அதை இதில் ஊற்றக் கூடாது. கழிவறையில் ஊற்றியது தொட்டியின் அடியில் ஓடி, தகட்டின் பள்ளம் வரை போய் நிற்கும். பனி உருகி, வசந்தத்தில் முதல் தடவை வண்டியை டம்ப் ஸ்டேஷனில் நிறுத்தி வால்வை இழுக்கும்போது முழங்கையில் ரோஸ் மில்க் நிறத்தில் கொஞ்சம் ஓடும். அது வெளுத்துத் தெளிந்ததும் வால்வை மூடிவிட்டு, உள்ளே போய் நாலைந்து லிட்டர் தண்ணீர் ஊற்றுவோம்.